ஓஷன் லினெட்டின் கடைசி அரைமணி

றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தோடு கொஞ்ச தூரம் நடந்து, தேயிலைக்கு நடுவே போகும் படிகளில் ஏறினால் காம்பரா எனும் பன்னிரண்டு ஒற்றையறை வீடுகள் ஒட்டி நிற்கும் பழைய லயம் ஒன்று வரும். அதன் கடைசிக் காம்பராவில்தான் பிரேமினி கப்பல்கள் செய்தாள். மரத்திலோ தகரத்திலோ அல்ல, கணினியில். என்றைக்கோ கடலடிக்குப் போய்விட்ட பெயர்பெற்ற கப்பல்களை ஆணி ஆணியாக எழுப்பி, பாய் விரித்து, ஓடவிட்டு, கடைசியில் அவை எப்படி மூழ்கினவோ அப்படியே மூழ்கவும் வைக்கிற அனிமேஷன் வேலை அவளுடையது. இங்கிலாந்தில் மார்ட்டின் என்ற ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர் ஒருவர் கப்பல் வரலாற்றுக்கென்றே ஒரு யூடியூப் சேனல் நடத்தினார். அதில் வரும் கப்பல்களில் பாதிக்கு மேல் இந்தக் காம்பராவில் பிறந்தவை என்று பார்ப்பவர்கள் யாருக்கும் தெரியாது.

அவளுடைய அம்மா நாகலெட்சுமிக்கு அந்த வேலை ஆரம்பத்தில் வேடிக்கையாகத்தான் இருந்தது. காலையில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கேட்பாள்.

"இன்னைக்கு எந்தக் கப்பல முக்கப்போற?"

"வாசா. சுவீடன் ராசாவோட கப்பல். கட்டி முடிச்சு மொத தடவ ஓடுறப்பவே கவுந்துருச்சு."

"மொத நாளேவா?"

"ஆமா. துறைமுகத்த விட்டு ஒரு மைலு கூடப் போகல. சனமெல்லாம் கரையில நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சாம்."

"யாரு கண்ணு பட்டுச்சோ" என்று சொல்லிவிட்டு நாகலெட்சுமி மலைக்குப் போவாள். மத்தியானம் வந்து, சோறு போட்டுக்கொண்டே, அந்தக் கப்பலில் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்பாள். முந்நூற்றுத் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவர்களுக்காக அவள் உச்சுக்கொட்டுவது பிரேமினிக்குச் சிரிப்பாக இருக்கும். சிரித்த காலம் அது.

பிரேமினிக்குப் பதினைந்து வயதில் அப்பா தம்பையா இறந்தார். தோட்டத்துத் தொழிற்சாலையில் இலை அரைக்கிற மெஷினில் வேலை செய்தவர். ஒரு மழைநாளில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரி வண்டி வருவதற்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மாவும், ஆறு வயது இளைய தம்பி ஜீவராஜும் அவளும்தான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு அவள் ஹட்டனில் ஒரு ஃபோட்டோ ஸ்டூடியோவில் சேர்ந்தாள். கலியாண ஆல்பம், கலியாண வீடியோ, செத்தவர்களின் படத்துக்கு மாலை வைத்துக் கொடுப்பது, இவைதான் வேலை.

ஒரு சமயம் தலவாக்கலையில் இருந்து வந்த ஒரு மாப்பிள்ளை, தானும் பெண்ணும் கப்பல் முனையில் கைவிரித்து நிற்கிற மாதிரி வீடியோவில் வேண்டும் என்று அடம்பிடித்தான். ஸ்டூடியோ முதலாளி சுதாகரன் தலையைச் சொறிந்தார். "நீயே ஏதாச்சும் பண்ணிப் பாரு, பிரேமினி" என்றார். அவள் யூடியூபைப் பார்த்து இரண்டு வாரம் மல்லாடி ஒரு கப்பலும் ஒரு கடலும் செய்தாள். மாப்பிள்ளைக்கு மெத்த சந்தோஷம். ஆனால் அவளுக்குத் தெரிந்தது, கப்பல் கப்பலாக இருந்தது, கடல் மட்டும் பொலித்தீன் விரிப்பு மாதிரி இருந்தது. கடலை அதுவரை அவள் நேரில் பார்த்ததே இல்லை. அந்தத் தண்ணீரைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று ஒரு வெறி அவளைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து மூன்று வருஷம். பழைய கப்பல்களின் வரைபடங்களைத் தேடித்தேடி எடுத்து, இலவசமாகக் கிடைத்த மென்பொருளில், வாசாவை ஒன்றரை நிமிடம் ஓடவிட்டு இணையத்தில் போட்டாள். அதைப் பார்த்துத்தான் மார்ட்டின் எழுதினார். "பீரங்கி வாசல் வழியாகத் தண்ணீர் ஏறுகிற வேகம் சரியாக இருக்கிறது. எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டிருந்தார். ஹட்டனில், கலியாண வீடியோ செய்யும் கடையில், என்று அவள் பதில் எழுதினாள்.

தம்பி ஜீவராஜ் அப்போது கினிகத்தேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நின்றான். பத்தொன்பது வயது. பேச்சுக் குறைவு. எதைச் சொன்னாலும் சொன்னபடி செய்கிறவன். கடை முதலாளி, "சிமெந்து மூட்டைக்கிட்ட நில்லு, வாரேன்" என்று சொல்லிவிட்டு மறந்துபோய் வீட்டுக்குப் போய்விட, கடை பூட்டுகிற வரைக்கும் அங்கேயே நின்றவன் என்று ஊரில் ஒரு கதை உண்டு. வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் முகம்கூடக் கழுவாமல் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பான்.

"அக்கா, நங்கூரச் சங்கிலி இப்புடி நேரா நிக்காது. தொங்கும்."

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"கடையில சங்கிலி விக்கிறோம்ல."

அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அவள் திருத்தினாள். அப்படியே அவனுக்குக் கப்பல் பைத்தியம் தொற்றிக்கொண்டது. எந்தக் கப்பல் எத்தனை அடி, எத்தனை எஞ்சின், எத்தனை படகு, எல்லாம் விரல் நுனியில். ஒருநாள் கொழும்பில் கப்பலாட்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தின் விளம்பரம் ஒன்றைப் பேப்பரில் கிழித்துக்கொண்டு வந்தான்.

அம்மா ஒரேயடியாக மறுத்தாள். "நமக்கும் கடலுக்கும் என்னாடா இருக்கு? நம்மாளுக அதத் தாண்டி வந்ததோட சரி."

"எல்லாரும் துபாய்க்குப் போறாங்க. கொழும்பு ஓட்டல்ல கோப்ப கழுவப் போறாங்க. நான் கப்பலுக்குப் போறேன். அக்கா, நீ சொல்லுக்கா."

பிரேமினி அவன் பக்கம் பேசினாள். ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதியதும் அவள்தான். ஏன் கப்பல் வேலைக்கு வர விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு, "சிறுவயதிலிருந்தே கப்பல்களின் வரலாற்றை வீட்டில் பார்த்து வளர்ந்தேன்" என்று எழுதினாள். எழுதியபோது பெருமையாக இருந்தது. பின்னால் எத்தனையோ காலைகளில் அந்த ஒரு வரி அவள் மனதில் வந்து நின்றது.

முதல் கப்பலில் ஒன்பது மாதம் போய்வந்தான். கறுத்து, தோள் அகன்று, அம்மாவுக்கு ஒரு போர்வையும் அக்காவுக்கு ஃபோன் நிறையக் கடலும் கொண்டுவந்தான். காலைக் கடல், மழைக் கடல், கப்பலின் பின்னால் வெள்ளையாக நீண்டு போகும் தடம், எல்லாவற்றையும் அவளுக்காகவே பிடித்திருந்தான். "இந்தா, நுரை எப்புடிக் கலையுதுன்னு பாத்துக்க" என்பான். அதற்குப் பிறகு அவள் செய்த கடல்களை மார்ட்டின் வாயாரப் புகழ்ந்தார்.

இரண்டாவது கப்பல் ஓஷன் லினெட். நூற்றெண்பது மீட்டர் நீளம். நிக்கல் தாது என்ற சிவப்பு மண்ணை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஏற்றிப்போகிற கப்பல். 2021 ஒக்டோபரில் கிழக்கே ஒரு தீவுத் துறைமுகத்தில் நின்றபோது பேசினான். மூன்று வாரமாக மழை விடவில்லை, மழையிலேயே மண் ஏற்றுகிறார்கள், ஒரே சகதி என்றான்.

"பத்தரமா இருடா. கப்டன் சொல்றதக் கேட்டு நட. சொல்ற எடத்துல நில்லு, தானா எதுவும் செஞ்சிறாத" என்று பிரேமினி குரல் செய்தி அனுப்பினாள். எந்த அக்காவும் சொல்வதுதான். அதற்கு அவன் பெருவிரல் படம் ஒன்றை அனுப்பினான். அவனிடமிருந்து வந்த கடைசிச் செய்தி அதுதான்.

பதினோரு நாள் கழித்து, அவனைக் கப்பலுக்கு அனுப்பிய கொழும்பு ஏஜென்சியிலிருந்து ஒருவர் சிங்களத்தில் பேசினார். கப்பல் கவிழ்ந்துவிட்டது. பத்தொன்பது பேரில் ஐந்து பேரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். நான்கு பேருடைய உடல் கிடைத்திருக்கிறது. பத்துப் பேரைக் காணவில்லை. ஜீவராஜ் அந்தப் பத்துப் பேரில் ஒருவன்.

காணவில்லை என்ற அந்தச் சொல்லை நாகலெட்சுமி இறுகப் பிடித்துக்கொண்டாள். லயத்துச் சனம் வந்து அழுதது. பதினாறாம் நாள் காரியம் செய்ய வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவள் எழுந்து நின்று, "ஒடம்பு எங்க? காட்டுங்க, செய்யிறேன்" என்றாள். தலவாக்கலைப் பக்கம் குறி சொல்கிற ஒருவன், பையன் தண்ணீருக்கு அருகில் உயிரோடு இருக்கிறான், ஞாபகம் தப்பியிருக்கிறது என்று சொன்னான். அதுவே போதுமாக இருந்தது. தீவுகளில் ஒதுங்கியவர்கள் பல வருஷம் கழித்து வந்ததாக யாரோ சொல்லக் கேட்டு, அவள் அந்தக் கதைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டாள். ஜீவராஜின் சட்டைகளை மாதத்துக்கு ஒரு தடவை துவைத்துக் காயப்போட்டாள். மகனுடைய படத்துக்கு ஒருவரையும் பூப்போட விடவில்லை.

பிரேமினி இரண்டு மாதம் கணினியைத் தொடவில்லை. குடும்பத்தில் ஒரு துக்கம் என்று மட்டும் மார்ட்டினுக்கு எழுதினாள். பிறகு நாடே இருண்டுபோன வருஷம் வந்தது. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, பகலில் பாதி நேரம் கரண்ட் இல்லை. ஸ்டூடியோவும் மூடப்பட்டது. இருக்கிற ஒரே பிழைப்பு கப்பல்தான் என்று ஆனபோது மறுபடி உட்கார்ந்தாள். தம்பி எடுத்துத் தந்த கடலைப் பார்த்துப் பார்த்து மற்றவர்களின் கப்பல்களை மூழ்கவைத்தாள். அம்மா இப்போது எதையும் கேட்பதில்லை. கூடையை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடுவாள்.

2024 பங்குனியில் மார்ட்டினிடமிருந்து ஒரு மின்னஞ்சல். இதுவரை பழைய கப்பல்களையே செய்துவந்தோம், இந்தத் தடவை நம் காலத்துக் கதை ஒன்றைச் சொல்வோம், ஈரத் தாது ஏற்றுகிற கப்பல்கள் ஏன் சத்தமில்லாமல் கவிழ்கின்றன என்று விளக்கினால் நாலு மாலுமிகளின் உயிராவது தப்பும், விசாரணை அறிக்கையை இணைத்திருக்கிறேன், என்று எழுதியிருந்தார். பிரேமினி இணைப்பைத் திறந்தாள். முதல் பக்கத்தில் கப்பலின் பெயர் இருந்தது.

தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள். எழுந்து போய் வாசலில் நின்றாள். எதிர் மலையில் பெண்கள் வரிசையாகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா எந்த வரிசையில் நிற்கிறாள் என்று தேடிப் பார்த்தாள், தெரியவில்லை. திரும்பி வந்து எண்பத்து நான்கு பக்கத்தையும் வாசித்தாள்.

ஈர மண் பார்வைக்குக் காய்ந்த மாதிரிதான் இருக்கும். கப்பல் ஆட ஆட, உள்ளே இருக்கிற நீர் மேலே வந்து, மண் குழம்பாகி ஒரு பக்கம் ஓடிவிடும். ஓடியது திரும்பி வராது. ஏற்றுவதற்கு முன் ஒரு தகர டின்னில் மண்ணை நிரப்பித் தரையில் இருபத்தைந்து தடவை தட்டிப் பார்ப்பார்களாம். நீர் கசிந்தால் ஏற்றக்கூடாது. தட்டிப் பார்த்திருக்கிறார்கள். கசிந்திருக்கிறது. இருந்தும் ஏற்றியிருக்கிறார்கள்.

அறிக்கையில் பெயர்கள் இல்லை, பதவிகள்தான். ஜீவராஜ் 'சாதாரண மாலுமி இரண்டு'. காலை ஆறு ஒன்பதுக்குக் கப்பல் இடப்பக்கம் எட்டுப் பாகை சாய்ந்து, நிமிராமல் நின்றுவிட்டது. அபாய மணி அடித்தது. ஆறு பதினான்குக்கு எல்லாரும் உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு வலப்பக்கப் படகருகே கூடிவிட்டார்கள். கப்பல் மறுபக்கம் சாய்ந்திருந்ததால் அந்தப் படகை இறக்க முடியவில்லை. கப்பல் நிமிர்ந்துவிடும் என்று கப்டன் நம்பினார். கப்பலை விட்டுவிடுங்கள் என்ற கட்டளையை அவர் கடைசிவரை கொடுக்கவில்லை. ஆறு நாற்பத்து நான்குக்குக் கப்பல் புரண்டது. பிழைத்த ஐந்து பேரும் கட்டளை இல்லாமல் தாங்களாகக் குதித்தவர்கள். 'சாதாரண மாலுமி இரண்டு, கூடும் இடத்தில் தன் வரிசையில் நின்றுகொண்டிருந்ததைக் கடைசியாகப் பார்த்தோம்' என்று அவர்களில் இருவர் சொல்லியிருந்தார்கள்.

பிரேமினி அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். அவள் சொன்னபடியே செய்திருக்கிறான். சொன்ன இடத்தில் நின்றிருக்கிறான்.

அன்றைக்கே மார்ட்டினுக்கு எழுதினாள். அந்தச் சாதாரண மாலுமி இரண்டு என் தம்பி. மார்ட்டின் பதறிப்போனார். தெரியாமல் செய்துவிட்டேன், மன்னியுங்கள், இதை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன், அல்லது அடியோடு விட்டுவிடுவோம் என்று எழுதினார். அவள் இரண்டு நாள் யோசித்தாள். வேறு யாராவது செய்வார்கள். பார்க்கிறவர்களுக்குப் பயம் வரவேண்டும் என்று மலை மலையாக அலை வைப்பார்கள். ஆனால் அன்றைக்குக் கடல் அமைதியாகத்தான் இருந்தது என்று அறிக்கை சொல்கிறது. "நானே செய்கிறேன். ஒரு நிபந்தனை. மனித உருவங்கள் வைக்கமாட்டேன்" என்று பதில் எழுதினாள்.

ஏழு வாரம் எடுத்தது. கப்பலின் வரைபடத்தை வைத்து ஒவ்வொரு படியையும் கதவையும் கட்டினாள். அவன் படுத்த அறையையும், சாப்பிட்ட மேசையையும், காலையில் எழுந்து வந்திருக்கக்கூடிய வழியையும் கட்டினாள். கை வேலையில் இருக்கும்போது அழுகை வரவில்லை. சோற்றைப் பிசையும்போதும், குழாயடியில் தண்ணீர் நிறையும் சத்தத்தைக் கேட்கும்போதும் வந்தது.

சித்திரை வருஷப் பிறப்பு கழிந்து ஒரு மழை நாளில், மலையில் வேலை நிறுத்தி நாகலெட்சுமி நேரத்தோடு வந்துவிட்டாள். தலைத்துணியைப் பிழிந்துகொண்டே உள்ளே வந்தவள், திரையைப் பார்த்து நின்றுவிட்டாள். கப்பலைக் குறுக்கே வெட்டி உள்ளே காட்டுகிற காட்சி அது. சிவந்த மண் குவியலின் மேல் நீர் கசிந்து மினுங்கி, பிறகு குவியல் முழுவதும் மெல்ல நழுவி ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"இது என்னா புள்ள? மேப்பிரிவுல மண்ணு சரிஞ்ச மாதிரியே இருக்கு."

எட்டு வருஷத்துக்கு முன் தோட்டத்தின் மேல்பிரிவில் சரிந்த மண், இரண்டு காம்பராவை மூடியதை அவள் நேரில் பார்த்தவள். வெறுங்கையால் மண்ணைத் தோண்டியவர்களில் ஒருத்தி.

"கப்பலுக்குள்ள நடந்ததும்மா. மழையில நனைஞ்ச மண்ண ஏத்திக்கிட்டுப் போயிருக்காங்க."

"கப்பலுக்குள்ள மண்சரிவா?" நாகலெட்சுமி மகளின் முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "இது தம்பி போன கப்பலா?"

பிரேமினிக்குப் பொய் வரவில்லை. தலையை ஆட்டினாள்.

"முழுசாப் போட்டுக் காட்டு."

"வேணாம்மா."

"ஊருக்கெல்லாம் காட்டப்போறல்ல? பெத்தவளுக்குக் காட்டமாட்டியா?"

காட்டினாள். அமைதியான விடிகாலைக் கடல். கப்பல் தலையை அசைத்து அசைத்துப் போகிறது. ஒரு தடவை சாய்ந்தது நிமிரவில்லை. நாகலெட்சுமி ஈரச் சேலையோடு ஸ்டூலில் உட்கார்ந்து, இமைக்காமல் பார்த்தாள்.

"அவன் எங்க நின்னான்?"

பிரேமினி வலப்பக்கத்துப் படகின் அருகே விரலை வைத்தாள். "இங்க. எல்லாரும் வந்து நிக்கிற எடம். நம்ம பெரட்டு மாதிரி. மணி அடிச்சா எல்லாரும் வந்து வரிசையா நிக்கணும். பேர் கூப்புடுவாங்க. அடுத்து என்னா செய்யணும்னு சொல்லுவாங்க."

பெரட்டு என்றால் நாகலெட்சுமிக்கு விளக்கவேண்டியதில்லை. முப்பத்தேழு வருஷமாகக் காலையில் பெரட்டுக்களத்தில் போய் நின்று, பெயர் கூப்பிடக் காத்திருந்து, எந்த மலை என்று சொன்ன பிறகு போகிறவள்.

"எவ்ளோ நேரம் நின்னான்?"

"அரைமணி."

"அரைமணியா?" அவள் திரைப்பக்கம் குனிந்தாள். "அரைமணி நேரம் நின்னானா? யாரும் குதிக்கச் சொல்லலையா?"

"சொல்லலம்மா. அஞ்சு பேரு சொல்லாமலே குதிச்சாங்க. அவுங்கதான் பொழைச்சாங்க."

கப்பல் திரையில் புரண்டு, அடிப்பாகத்தைக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டுக் கீழே போனது. நுரை கலைந்தது. நாகலெட்சுமி அதன் பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆளுக ஒருத்தரையும் காணமே."

"நான் வைக்கல."

"நீதான செய்யிற? அவன வை. வச்சுக் குதிக்கச் சொல்லு. சின்னப்புள்ள, தெரியாம நிக்கிறான். நீ சொன்னா கேப்பான்."

பிரேமினி நாற்காலியிலிருந்து இறங்கி அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். "நாந்தாம்மா நிக்கச் சொன்னேன்" என்றாள். அந்தக் குரல் செய்தியைப் பற்றி அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னாள். கப்டன் சொல்வதைக் கேள், சொன்ன இடத்தில் நில் என்று சொன்னதை, விண்ணப்பத்தில் எழுதிய வரியை, எல்லாவற்றையும்.

நாகலெட்சுமி மகளின் தலையைத் தன் மடியில் சாய்த்தாள்.

"நானும் அதத்தானடி சொல்லி வளத்தேன். தொர சொல்றதக் கேளு, கங்காணி சொல்றதக் கேளு, வாத்தியார் சொல்றதக் கேளுன்னு. வேற என்னா நமக்குச் சொல்லத் தெரியும்?"

வெளியே மழை விடவில்லை. பக்கத்துக் காம்பராவில் யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் நாகலெட்சுமி வேலைக்குப் போகவில்லை. ஜீவராஜின் சட்டைகளை எடுத்து மடித்து வைத்தாள். ஒன்றை மட்டும் தனியே வைத்துக்கொண்டாள். பிறகு கோயில் பூசாரி வீட்டுக்குத் தானே நடந்துபோய், "காரியம் செய்யணும், நாள் பாருங்க" என்றாள். காணாமல்போய் இரண்டரை வருஷத்துக்குப் பின்னால், தர்ப்பையில் ஓர் உருவம் செய்து, அதற்கு அந்தச் சட்டையைப் போர்த்தி, ஆற்றங்கரையில் வைத்துக் கொளுத்தினார்கள். தாய்மாமன் வீரய்யா கொள்ளி வைத்தார். நாகலெட்சுமி அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். மண்ணில் விழுந்து புரண்டு, கேட்டவர்களெல்லாம் அழும்படி மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிரேமினி தாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாயின் நம்பிக்கையைத் தானே கொன்றுவிட்டோம் என்று ஒரு நினைப்பு. இனி அந்தச் சட்டைகளை மழைக்குப் பயந்து ஓடியோடி எடுக்கவேண்டாம் என்று இன்னொரு நினைப்பு. இரண்டும் அவளை விட்டுப் போகவில்லை.

வைகாசியில் வீடியோ வெளிவந்தது. கடைசியில் இறந்த பதினான்கு பேருடைய பெயர்களை மார்ட்டின் போட்டிருந்தார். அதற்குக் கீழே, அனிமேஷன்: பிரேமினி தம்பையா. லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். தண்ணீர் நிஜம் போலவே இருக்கிறது என்று பலர் எழுதினார்கள். அலை போதாது, பார்க்கத் திகிலாக இல்லை என்றும் சிலர் எழுதினார்கள்.

மூன்று வாரம் கழித்து அவளுக்கென்று ஒரு கடிதத்தை மார்ட்டின் அனுப்பிவைத்தார். எழுதியவர் ரமோன், பிலிப்பைன்ஸ்காரர், ஓஷன் லினெட்டின் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர், பிழைத்த ஐந்து பேரில் ஒருவர். ஜீவராஜின் தலைக்கவசத்தில் தம்பையா என்று எழுதியிருக்குமாம். வீடியோவின் கடைசியில் அனிமேஷன் செய்தவர் பெயரிலும் அதைப் பார்த்தேன், நீங்கள் அவனுக்கு யார் என்று கேட்டிருந்தார். தொடர்ந்து அவரே சொல்லியிருந்தார்.

'நான் அவன் பக்கத்தில் நின்றேன். அவன் கையைப் பிடித்து, வா குதிப்போம் என்றேன். பொறுங்கள், கப்டன் இன்னும் சொல்லவில்லை என்றான். மறுபடி இழுத்தேன். வரவில்லை. நான் கையை விட்டுவிட்டுக் குதித்தேன். விசாரணையில் இதை நான் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்திருக்கலாம். அவன் மெலிந்தவன், நான் இழுத்தால் வந்திருப்பான். உங்களால் முடிந்தால் என்னை மன்னியுங்கள்.'

பிரேமினி அந்தக் கடிதத்தை மூன்று நாள் தனக்குள்ளேயே வைத்திருந்தாள். முதல் நாள் அந்த மனிதர்மேல் கோபம் வந்தது. இரண்டாம் நாள் அது திரும்பித் தன்மேலேயே வந்து விழுந்தது. மூன்றாம் நாள் காலையில், அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தபோது, அதைத் தமிழில் வாசித்துக் காட்டினாள்.

நாகலெட்சுமி மாவுக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து இழுத்தார் என்ற இடம் வந்ததும், "திரும்பப் படி" என்றாள். பிரேமினி திரும்பப் படித்தாள்.

"அப்ப அவன் தனியா நிக்கல. ஒருத்தரு கையப் புடிச்சிருந்திருக்காரு."

"ஆமாம்மா."

"அந்த மனுசனுக்கு எழுது. நீங்க குதிச்சது சரிதான்னு எழுது. கூட நின்னிருந்தா ரெண்டு பேரும் போயிருப்பீங்க, அதுல எங்களுக்கு என்னா வரப்போகுதுன்னு எழுது." ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். புகை கண்ணில் பட்டுத் துடைத்துக்கொண்டாள். "அவருக்கு அம்மா இருக்காங்களான்னு கேளு."

பிரேமினி அப்படியே எழுதினாள். தன் பங்குக்கு எதையாவது சேர்க்கலாம் என்று பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. அம்மா சொன்னதை மட்டும் ஆங்கிலத்தில் போட்டு அனுப்பினாள்.

இரண்டு நாளில் பதில் வந்தது. இருக்கிறார், எழுபத்தொரு வயது, என்னோடுதான் இருக்கிறார், உங்கள் கடிதத்தை அவருக்கும் வாசித்துக் காட்டினேன் என்று ரமோன் எழுதியிருந்தார்.

நாகலெட்சுமி அப்போதுதான் மலையிலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். பிரேமினி போய்ச் சொன்னாள்.

"இருக்காங்களாம்மா. எழுபத்தொரு வயசாம்."

"என்னைவிட மூத்தவங்க" என்றாள் நாகலெட்சுமி. "நல்லா இருக்கட்டும்." சொல்லிவிட்டு மீதித் தண்ணீரையும் காலில் ஊற்றிக்கொண்டாள்.